தீக்காயம்: 108 வண்டி வருவதற்குள்...

"டாக்டரய்யா, வேற ஒண்ணும் செய்யலை. பேஸ்ட்டு மட்டும்தான் தடவியிருக்கோம்!"

ஒரு தீபாவளிக்கு மறுநாள், பேரனைத் தூக்கிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்த பாட்டி சொன்னது இது. புஸ்வாணம் சீறியதில் பையனின் உள்ளங்கை வெந்திருந்தது. காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டி எடுப்பதற்குள் அவன் போட்ட அலறல் தெருவுக்கே கேட்டது. பட்டாசு செய்கிற சிவகாசிப் பக்கமே இப்படியென்றால் மற்ற ஊர்களைக் கேட்க வேண்டுமா?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன், குங்கிலிய வெண்ணெய், மத்தன் தைலம் என்று ஆரம்பிப்பான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் ஒரு காலம் உண்டு. ஆனால் முதல் ஒரு மணி நேரம் எங்களுடையதல்ல. 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளருடையது. (எங்கள் வர்ம நூல்களும் வர்மங்கள் 108 என்றுதான் சொல்கின்றன. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அவருக்கு என்ன கற்றுத்தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அவர் வரும்வரை நாம் செய்ய வேண்டியதும் புரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இருவர் வருவார்கள். ஓட்டுபவரை 'பைலட்' என்பார்கள். மற்றவர் நர்சிங்கோ, விலங்கியல், உயிர்வேதியியல் போன்ற பாடமோ படித்தவர். அவருக்கு வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களிலும் சேர்த்துச் சுமார் 50 நாள் பயிற்சி.

முதலில் இடத்தைப் பார்

முதல் பாடமே, ஓடிப்போய்த் தூக்காதே என்பதுதான். கல்நெஞ்சமா என்று தோன்றும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்ததை எங்கள் மாவட்டம் மறக்கவில்லை. தீ பிடித்ததும் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் சுற்றுப்புறத்திலிருந்து ஓடி வந்தார்கள். அதன் பிறகுதான் பெரிய வெடிப்பு. இறந்த சுமார் 40 பேரில் இப்படி வந்தவர்கள் பலர். அதனால்தான் வண்டியைத் தள்ளி நிறுத்தி, தீயணைப்புக்காரர்கள் சொன்ன பிறகு உள்ளே போகப் பழக்குகிறார்கள்.

அடுத்தது தரம் பிரிப்பது. "நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். வந்தவர்கள் பச்சை. மூச்சு வாங்குகிறவர், நாடி கிடைக்காதவர், சொன்னதைச் செய்ய முடியாதவர் சிவப்பு. சற்றுப் பொறுக்கக்கூடியவர் மஞ்சள். பிழைக்க வழியில்லாதவர் கறுப்பு. "கத்துற பிள்ளையை விட்டுட்டு, சத்தமில்லாம கிடக்குறவன்கிட்ட போறாரே!" என்று சண்டைக்குப் போகாதீர்கள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது.

மூக்கு முடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி இருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்றும் பார்ப்பார். இருந்தால் மூச்சுக்குழாய் வெந்திருக்கலாம், வீங்கி அடைத்துக்கொள்ளும். தோலில் சின்னக் காயம்தானே என்று இவரை வீட்டுக்கு அனுப்பினால் போச்சு.

நீங்கள் செய்ய வேண்டியது

எங்கள் ஊரில் 'மருந்து' என்றால் இரண்டு அர்த்தம். வெடி மருந்துத் தூள் உடம்பில் படிந்திருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். பிறகு, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ உடம்பு சில்லிட்டுப்போகும்; காயம் படாத இடத்தைப் போர்த்திவிடுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். துவைத்த வேட்டியைத் தளர்வாக மூடினால் போதும். இங்க், மஞ்சள், முட்டை, பேஸ்ட் எதுவும் கூடாது. ஏன், என் தைலமும் கூடாது! பெரிய தீக்காயம் என்றால் வாய்வழியே காபி, சோடா கொடுக்காதீர்கள்.

காயத்தின் அளவை நீங்களே கணக்கிடலாம். காயம் பட்டவரின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறத்தாழ 100-ல் 1 பங்கு. பெரியவர்களுக்கு ஒரு கை முழுவதும் 9, ஒரு கால் 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18. இந்தக் கணக்கு எதற்கு? 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 பங்கு வெந்திருந்தால் டாக்டர்கள் 4 × 60 × 30 என்று பெருக்குவார்கள். 7,200 மில்லி. முதல் நாளில் நரம்பு வழியே இவ்வளவு திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள்!

அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிப்பதில்லை, தீப்பட்ட நிமிடத்தில் ஆரம்பிக்கிறது. சிவகாசியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே வண்டியில் ஏற்றும்போதே, "பதினொன்றே காலுக்குத் தீப்பட்டது" என்று உதவியாளரிடம் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

108-க்குப் பேசும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். எங்கள் பக்கம் 'பட்டி' என்று முடிகிற ஊர்களுக்குப் பஞ்சமில்லை. எந்த மெயின் ரோடு, எந்தக் கோயில் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை பேருக்குக் காயம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஆளைத் திருப்பத்தில் நிற்கச் சொல்லுங்கள். கரிசல் காட்டுப் பாதையில் வண்டி வழி தேடி அலைகிற 10 நிமிடம் மிச்சமாகும்.