பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்



எரேமியா 18, 19 அதிகாரங்களைச் சேர்த்து தியானிப்போம். பாண்டிச்சேரியிலே ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கின கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் அநேகர் மண்பாண்டம் வனையக் கற்றிருக்கிறார்கள். சக்கரத்தில் உட்காருகிறவன் முதலில் பழகுவது பானை அல்ல. மண்ணை நடுவில் ஆடாமல் நிறுத்தணும். கோணிப்போனால் பிசைந்து மறுபடி வைக்கலாம். காய்ந்த பச்சைப் பானைகூட தண்ணீரில் போட்டால் கரைந்து களிமண்ணாகிவிடும். சூளையில் 600 டிகிரி தாண்டினதோ, எத்தனை நாள் ஊறினாலும் கரையாது.

18-ல் கெட்டுப்போனது பச்சை மண். அதனால்தான் குயவன் அதையே வேறு பாண்டமாக்கினான். 19-ல் தீர்க்கதரிசி உடைத்ததோ சுட்ட கலசம்!

“வயசான பிறகு மனந்திரும்பிக்கலாம் ஐயா” என்கிற வாலிபத் தம்பிமாரே, இரண்டையும் வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாங்க, பேசுவோம்.