சாப்பாட்டை மறுக்கும் பிள்ளைக்கு என்ன சிகிச்சை?

கேள்வி: 16 வயது மகளுக்கு அனொரெக்சியா என்கிறார் டாக்டர். கவுன்சலிங்கில் குணமாகுமா?
– வாசகி, நெமிலிச்சேரி

பதில்: உணவை மறுத்து உடல் மெலியும் அனொரெக்சியா நெர்வோசாவுக்கு வளரிளம் வயதில் முதல் தேர்வு, குடும்பம் சார்ந்த சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது. நோய் சிறுவயதில் தொடங்கி, மூன்று ஆண்டு தாண்டாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிட இது பலனளித்ததாக 1987இல் வெளியான ஆய்வு காட்டியது.

என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதை முதலில் பெற்றோரே முடிவு செய்வார்கள். எடை ஏற ஏற அந்தப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்பும். நோய்க்கு யார் காரணம் என்ற விசாரணை கிடையாது. பாட்டி, அத்தை எல்லோரும் இருக்கும் வீட்டில் ஒரே பேச்சாக நிற்பதுதான் கடினம். 'ஒரு வேளைதானே, விடு' என்று ஒருவர் சொன்னாலே பிடி தளர்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவை உண்டு. எது சிறந்தது என்பதில் தெளிவில்லை.

இந்நோயின் வழக்கமான அடையாளமான 'குண்டாகிவிடுவேன்' என்ற பயமே இல்லாமல் உணவை மறுத்து மெலிந்த பெண்களை டெல்லி மருத்துவர்கள் 1995இல் பதிவு செய்தார்கள். அதனால் இங்கே நோயை அடையாளம் காணத் தாமதமாகலாம்.

மயக்கமோ நாடித்துடிப்பு மிகக் குறைவதோ இருந்தால், பேச்சுச் சிகிச்சைக்கு முன் மருத்துவமனை அனுமதி அவசியம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.