துண்டுத் துணியும் பின்னக் கழித்தலும்

கஜக்கணக்கில் நாம் செய்த பிழையொன்றைக் கேளுங்கள். சுருளில் 5 1/4 கஜம் துணி இருந்தது. அதில் 2 கஜம் 2 அடி, அதாவது 2 2/3 கஜம், வெட்டிக் கொடுத்தோம். மீதி எவ்வளவு?

காலும் மூன்றில் இரண்டும் வெவ்வேறு பகுதியுடையவை, அப்படியே கழிபடா. 4க்கும் 3க்கும் பொதுவான 12ஐப் பகுதியாக வைத்தால் 5 3/12, 2 8/12 ஆகும். இதுவரை சரியாகவே செய்தோம். பிறகு 3இல் 8 போகாதென்று, 8இல் 3ஐக் கழித்து, மீதி 3 5/12 என்று ஏட்டில் எழுதிவிட்டோம்! அதை நம்பி மாக்சிக் ஒருவரிடம் 3 கஜத்துக்கு முன்பணமும் வாங்கியாயிற்று.

முழு ஐந்தில் ஒன்றை உடைத்து, 12/12 ஆக்கிச் சேர்த்திருக்க வேண்டும்: 4 15/12 − 2 8/12 = 2 7/12. அதாவது 2 கஜம் 21 அங்குலம். அவர் முன்னிலையில் விரித்து அளந்தபோது 15 அங்குலம் குறைந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.