சதுர அடிக்கு ரேட் சொல்லாதீர்கள்!

வீட்டு ஜன்னலுக்கு ஸ்டெயின்டு கிளாஸ் செய்து சம்பாதிக்க ஆசையா? உங்களுக்குப் போட்டி இன்னொரு கலைஞர் அல்ல. கலர் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். காலையில் வந்து மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விடுவார். ரேட்டில் அவரை அடிக்க முடியாது. ஃபினிஷிங்கில் அடிக்கலாம்.

1. கட்டிங்கை விலை குறைந்த கண்ணாடியில் பழகுங்கள். கண்ணாடிக் கடையில் ஒதுக்கிப் போட்ட 3 எம்எம் துண்டுகள் போதும். கட்டரை ஒரே சீராக, ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் கோணலாக உடையும். டிசைனில் உள்பக்கம் ஆழமாக வளைகிற துண்டு இருந்தால், "இது வெட்ட வராது, இரண்டாகப் பிரிக்கணும்" என்று முதல் மீட்டிங்கிலேயே சொல்லிவிடுங்கள்.

2. சால்டரிங்தான் உங்கள் விசிட்டிங் கார்டு. துண்டின் ஓரத்தில் காப்பர் ஃபாயில் சுற்றி, ஃபிளக்ஸ் தடவி, 60/40 சால்டரை ஓடவிட வேண்டும். 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். கோடு வழவழப்பாக, லேசாக மேடு தட்டி நிற்கணும். அயர்ன் சூடு பத்தாவிட்டால் முடிச்சு முடிச்சாக நிற்கும். அதிகமானால் இடுக்கு வழியே பின்பக்கம் ஒழுகும். விவரம் தெரிந்த இன்டீரியர் டிசைனர் பேனலைத் திருப்பித்தான் பார்ப்பார். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் ஃபிளக்ஸை அறவே கழுவுங்கள். மிச்சம் இருந்தால் பிற்பாடு கோடெல்லாம் பூத்துப்போய், கிளையன்ட்டிடமிருந்து போன் வரும்.

காரீயம் விஷம். காற்றோட்டமான இடம், கை கழுவாமல் டீ கிடையாது, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. இதில் பேரம் இல்லை.

3. கிளையன்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவை நம்பாதீர்கள். ஃப்ரேம் எல்லாம் நேராக இருக்காது. மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எடுத்து, அதிலும் 3 எம்எம் குறையுங்கள். வளைவு என்றால் அட்டையில் டெம்ப்ளேட். பெரிய ஜன்னலுக்கு ஈயச் சட்டம் போட்டால் குறுக்கே இரும்புக் கம்பியும் கொடுங்கள். இல்லையென்றால் நாளாக நாளாகத் தொய்யும்.

4. பேனலைப் பகல் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி வைத்து போட்டோ எடுங்கள். சால்டர் கோட்டுக்குத் தனி க்ளோஸ்-அப். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் ஜன்னல் வளைவுகளில் கலர் கண்ணாடி உண்டு. உடைந்ததை மாற்றிக் கொடுக்கும் வேலையையும் கேட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர்காரர் அங்கே வர மாட்டார்.

5. இப்போது காசு. இரண்டுக்கு இரண்டு அடி பேனலில் 20 துண்டும் இருக்கலாம், 80 துண்டும் இருக்கலாம். சதுர அடி இரண்டுக்கும் ஒரே அளவுதான். வெட்டி, கிரைண்ட் செய்து, ஃபாயில் சுற்ற வேண்டிய துண்டுகள் நாலு மடங்கு. துண்டை எண்ணி ரேட் போடுங்கள். பாதி அட்வான்ஸ் வாங்காமல் ஷீட் வாங்காதீர்கள். வாங்கும்போது அதே ஷீட்டில் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வையுங்கள். அடுத்த லாட்டில் அதே கலர் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் கூடுதல் ஷீட்டின் விலையும் கோட்டேஷனில் ஏறட்டும்.