மலைச்சரிவில் மூன்று பாடங்கள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், புவியியல் துறை)

வகுப்பறையில் மலை மிக எளிது. சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் நான்கு வளைகோடுகள் இழுத்தால் மலை வந்துவிடும், துடைத்தால் போய்விடும். ஆனால், சேலத்துக்கு வடக்கே நீலச்சுவராக நிற்கும் சேர்வராயன் மலையைத் துடைக்க இயலாது. ஏறித்தான் படிக்க வேண்டும்.

சென்ற டிசம்பரில், எங்கள் துறை மாணவர் 22 பேரும் ஆசிரியர் இருவரும், வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டி ஒருவரின் துணையோடும், அம்மலையின் தென்சரிவில் ஒரு காட்டுத்தடத்தில் காலையில் ஏறி மாலையில் இறங்கினோம். அன்று கற்ற மூன்று பாடங்களை இங்கே தருகிறேன். மூன்றாவது, நான் செய்த பிழையால் கற்றது.

1. சரிவைப் படித்தல்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது; ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர். இந்த வேறுபாடு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் எழுந்துவிடுவதால்தான் மலையின் விளிம்பு சுவர்போல் தோன்றுகிறது. மலையின் உடல் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே. ஆதலால், 1893-இல் ஹாலந்து என்னும் நிலவியலாளர் அவர் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார்.

1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். நாங்கள் ஏறிய 600 மீட்டருக்கு ஏறத்தாழ 4 டிகிரி. இந்த வேறுபாட்டை எங்கள் உடல் உணருமுன்பே மரங்கள் சொல்லிவிட்டன. அடிவாரத்தில் உசிலும் காரையும் நிறைந்த முட்புதர்க்காடு. சற்று மேலே மூங்கிலும் நெல்லியும் வேங்கையும். இன்னும் ஏறினால் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்களும் தொடங்கும்.

2. நெருப்பின் கணக்கு

"கோடை விடுமுறையில் போகலாமே" என்று நாங்கள் முதலில் கேட்டோம். ஆசிரியர் மறுத்தார். என் தாயாரும் அதையே சொன்னார். அவர் இளவயதில் அடிவாரக் காட்டில் விறகு பொறுக்கி விற்றவர். "மாசி பிறந்தால் காடு வெடிமருந்து" என்பது அவர் வாக்கு.

2018 மார்ச் 11 அன்று, அதே மாசி மாதத்தில், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்து சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற இளைஞர்கள்.

சரிவில் தீ ஏன் இத்துணைக் கொடியது? கீழே பற்றிய தீயின் சுடர், மேல்நோக்கிய சரிவுக்கு நெருக்கமாக இருக்கும். மேலேயுள்ள புல்லைத் தொடுமுன்பே அதைச் சூடாக்கி, ஈரத்தைப் போக்கி, எரியத் தயாராக்கிவிடும். பகலில் சூடேறிய காற்றும் சரிவின் மேல்நோக்கியே வீசும். சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீ பரவும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஆய்வாளர் கணக்கு. அப்படியானால் 20 பாகைச் சரிவில் நான்கு மடங்கு! மனிதனுக்கோ ஏற்றத்தில் வேகம் குறையும். ஆகவே, தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடுவது பெரும்பாலும் தோற்கும் பந்தயம். காய்ந்த காலத்தில் போகாதிருப்பதும், அனுமதியின்றி நுழையாதிருப்பதுமே சிறந்த காப்பு.

3. கடைசி ஆளின் கடிகாரம்

1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலைநடைக்கு ஒரு விதி தந்தார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி. எங்கள் தடம் 6 கிலோமீட்டர். ஏற்றம் 600 மீட்டர். 20 மீட்டருக்கு ஒன்றாக வரைபடத்தில் 30 சமஉயரக் கோடுகளை எண்ணி, 2 மணி 12 நிமிடம் என்று பெருமையுடன் கணக்கிட்டவன் நானே.

ஏறி முடிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. இறங்கும்போது, இழந்த நேரத்தை ஈட்ட எண்ணி நாங்கள் ஐவர் முன்னே விரைந்தோம். வழிகாட்டி இருமுறை கூப்பிட்டும் கேளாமல் போனோம். எங்களைத் தொடர அவர் நடையைக் கூட்ட வேண்டியதாயிற்று. குழு நீண்டு, இடையில் அறுந்தது. ரப்பர்ச் செருப்பின் வார் அறுந்து பின்தங்கிய நண்பர் ஒருவரும், அவருக்குத் துணையாக நின்ற மற்றொருவரும், தடம் பிரியும் இடத்தில் ஆட்டுப்பாதையில் திரும்பிவிட்டனர். அடிவாரத்தில் தலைகளை எண்ணியபோதுதான் தெரிந்தது. சமவெளியில் வெளிச்சம் இருந்தது, மரங்களுக்குள் இருட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டி குரல் கொடுத்துக்கொண்டே ஏறி, முக்கால் மணி நேரம் கழித்து இருவரையும் அழைத்துவந்தார். கால் முழுதும் முள் கீறிய அந்த நண்பர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

அன்றிரவு தாயாரிடம் சொன்னேன். "விறகுக்குப் போறப்ப சும்மாடு வச்சுக் கட்டைத் தூக்கிவிட ஒருத்தி வேணும், இறக்கிவிட ஒருத்தி வேணும். பின்னால வர்றவளை விட்டுட்டு வந்தா, உன் தலைச்சுமையை யாருடா இறக்குவா?" என்று கேட்டார். எழுத்தறியாத அவர், என் கணக்கில் இருந்த பிழையை ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். நைஸ்மித்தின் விதி தனி ஆளுக்கு உரியது. குழுவின் கடிகாரமோ, கடைசியாக வருபவரின் கால்களில் கட்டப்பட்டுள்ளது.

நண்பர்களே! அடுத்த ஆண்டும் நம் மாணவர்கள் மலையேறுவார்கள். மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். வலுவுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். தடம் பிரியும் இடந்தோறும் நின்று எண்ணுங்கள். மாலை நான்கு மணிக்குள் காட்டைவிட்டு வெளியேறுங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்குப் பின்னே என் தங்கை பத்தாம் வகுப்பில் வந்துகொண்டிருக்கிறாள். முன்னே நடப்பவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தது அந்தச் சரிவுதான்.