நாள் கணக்குக்கு நீங்களே ஒரு செயலி: எழுதுவோம், பிழை திருத்துவோம்

இ-சேவை மையம் நடத்துகிறீர்களா? மாலையில் கட்டணக் கணக்கை நோட்டில் கூட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டலை மட்டும் போடுகிற சின்னச் செயலியை நீங்களே எழுதலாம். பிளஸ் டூ கணினி அறிவியல் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் துணைக்குக் கூப்பிடுங்க. அந்தப் பாடத்திலேயே பைத்தான் மொழி இருக்கிறது.

என்ன தேவை?

பைத்தான் இலவசம். விண்டோஸில் அதை நிறுவினால் ‘டிக்கிண்டர்’ என்ற கருவித்தொகுப்பும் கூடவே வரும். சாளரம், பட்டன், எழுதும் பெட்டி எல்லாம் அதில் தயாராக இருக்கும். உபுண்டு என்றால் ‘பைத்தான்3-டிகே’ தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் ஒரு வெறும் சாளரம். அதில் தொகை எழுத இரண்டு ‘என்ட்ரி’ பெட்டிகள், விடை காட்ட ஒரு ‘லேபிள்’, அழுத்த ஒரு ‘பட்டன்’. ஒவ்வொன்றையும் ‘பேக்’ என்ற கட்டளையால் சாளரத்தில் வைக்க வேண்டும். கடைசி வரி ‘மெயின்லூப்’. இதுதான் முக்கியம். செயலி இந்த வரியில் நின்று, நீங்கள் எதையாவது அழுத்துவீர்களா என்று காத்துக்கொண்டே இருக்கும். அழுத்தினால் அதற்குரிய வேலையைச் செய்துவிட்டு மறுபடி காத்திருக்கும்.

ஒவ்வொரு உறுப்பைச் சேர்த்ததும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. மொத்தமாக எழுதிவிட்டு ஓட்டினால் எங்கே பிழை என்று தேடித் தேடியே பொழுது போய்விடும்.

வழக்கமாக வரும் பிழைகள்

1. பட்டன் கண்ணில் படவில்லை: ‘பேக்’ விட்டுப்போயிருக்கும்.

2. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை: ‘கமாண்ட்’ என்ற இடத்தில் செயற்கூற்றின் பெயரை மட்டும் தர வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போட்டால், சாளரம் திறக்கும்போதே அந்த வேலை ஓடி முடிந்துவிடும்.

3. 60-உம் 60-உம் கூட்டினால் 6060 வருகிறது: பெட்டியில் எழுதுவது எண்ணாக அல்ல, எழுத்தாகவே வரும். ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். பெட்டி காலியாக இருந்தால் ‘இன்ட்’ பிழை காட்டும். அதையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்க.

4. சாளரம் உறைந்துவிடுகிறது: நடுவில் ‘ஸ்லீப்’ போட்டிருப்பீர்கள். அது முடியும்வரை மெயின்லூப் வேறு எதையும் கவனிக்காது. அதற்குப் பதில் ‘ஆஃப்டர்’ பயன்படுத்துங்க. அதில் 1000 என்றால் ஒரு விநாடி.

பிழைச் செய்தி எங்கே?

பட்டன் வேலையில் பிழை வந்தாலும் சாளரம் மூடாது. வெளியே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். செய்தி கமாண்ட் ப்ராம்ப்ட்டின் கறுப்புத் திரையில்தான் வரும். அதனால் பழகும் காலத்தில் செயலியை அங்கிருந்தே ஓட்டுங்க. செய்தியைக் கடைசி வரியிலிருந்து படியுங்க: என்ன பிழை என்பது அதில் இருக்கும், எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே.

கவனம்

பிழைச் செய்தி வராமலேயே தொகை தப்பலாம். மக்கள் கொடுத்த பணத்தின் கணக்கு இது. முதல் ஒரு வாரம் நோட்டிலும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்க. சோதனைக்குக் கற்பனைத் தொகைகளே போதும்; விண்ணப்பதாரரின் ஆதார் எண், கைபேசி எண் எதையும் இதில் பதிய வேண்டாம்.

ஏழு நாளும் இரண்டு கணக்கும் ஒத்துப்போனால், நோட்டை மூடி வைக்கலாம்.