தெளிந்த நீரும் தூய நீரும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்தில் உள்ள ஊர் நைனார்பாளையம். கல்வராயன் மலையை அடுத்துப் பரந்துள்ள இந்நிலப்பகுதியின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் நீரையே ஆழ்துளைக் கிணறுகள் மேலே கொணர்கின்றன. அந்நீர் பளிங்குபோல் தெளிந்து தோன்றலாம். எனினும், பாறையோடு நெடுங்காலம் கலந்திருந்த நீரில் அதன் உப்புகள் கரைந்திருக்கும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது.

நம் முன்னோர் நீரைத் துணியால் வடிகட்டினர், காய்ச்சிப் பருகினர். துணி தூசியை நீக்கும். கொதிநிலை கிருமிகளை அழிக்கும். கரைந்த உப்போ இரண்டிற்கும் அகப்படாது. சான்றாக, குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காதபோதும் 1.5 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மிகின் சிறாரின் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் தாக்குறும்.

இங்குத்தான் சவ்வு வடிகட்டல் துணைநிற்கிறது. நுண்வடிகட்டல் கலங்கலையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும். அதனினும் நுண்ணிய துளைகள் கொண்ட மீநுண் வடிகட்டல் வைரசுகளையும் தடுக்கவல்லது. கரைந்த உப்பை நீக்க எதிர்ச் சவ்வூடு பரவல் வேண்டும். இயல்பான சவ்வூடு பரவலில் நீர், உப்புச் செறிவு மிகுந்த பக்கம் நோக்கிச் செல்லும். மிகுந்த அழுத்தம் தந்து அதனை எதிர்த்திசையில் செலுத்தினால், உப்பு பின்தங்க நன்னீர் வெளிவரும். இதற்கேற்ற செல்லுலோசு அசிட்டேட் சவ்வை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பாருடன் இணைந்து உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் சௌரிராஜன். 1965ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் இம்முறை குடிநீர் வழங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில், கடலோர ஊர்களுக்காக நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் திறனுடைய நிலையம் இம்முறையில் அமைக்கப்பட்டது.

எனினும், கருவியை நிறுவுவதோடு கடமை முடிவதில்லை. சவ்வில் உப்புப் படியும். உரிய காலத்தில் தூய்மை செய்யாவிடில் நீர்வரத்து குன்றும். பிரிக்கப்பட்ட கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதனைக் கிணற்றருகே விட்டால், நீக்கிய உப்பு மீண்டும் நிலத்தடி நீரையே சேரும்.

ஆதலின், முதலில் நீரை ஆய்வகத்தில் சோதித்தறிதல் வேண்டும். கிருமி மட்டுமே குறையெனின் மீநுண் வடிகட்டலே போதும். உப்பு மிகின் எதிர்ச் சவ்வூடு பரவல் தேவை. நோய் அறிந்து மருந்து தருவதுபோல், நீரின் குறை அறிந்து சவ்வைத் தேர்வதும் அதனைப் பேணுவதும் ஊராரின் பொறுப்பு. நும் ஊர்க் குடிநீரின் தன்மையை நீவிர் அறிவீரா?